வீட்டு முற்றத்தில் பிறந்த பாய்ப்படகு

இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு, ரயில்வே குமாஸ்தா ஒருவர் படகைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று நீங்கள் வினவக்கூடும். அதற்கு விடையாக, நம் வாழ்வில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில், பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, நாகப்பட்டினத்தை அடுத்த நம் சொந்த ஊருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். ஒரு நாள் மாலை கடற்கரையில் உலாவுகையில், மீனவர் ஒருவர் தம் பைபர் படகைக் கவிழ்த்துப்போட்டு, அதன் அடிப்புறத்து விரிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெள்ளை நிறமான கண்ணாடி நார்ப் பாயை அளவாகக் கத்தரித்து விரிசலின்மேல் வைத்து, தூரிகையால் பிசினைத் தடவினார். காரமான வாடை மூக்கைத் துளைத்தது. சிறிது நேரத்தில் அந்தத் துணி கல்லைப்போல் இறுகிவிட்டது. கண் கொட்டாமற் பார்த்துக்கொண்டிருந்த நம் மகன், "அப்பா, இந்த மாதிரி ஒரு படகை நம்ம குவார்ட்டர்ஸ் வாசலிலேயே செய்ய முடியுமா?" என்று கேட்டான்.

"படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கடா? இது அவர்கள் வேலை. நமக்குப் பேனா பிடிக்கிற வேலை" என்றோம்.

மீனவர் தலை நிமிர்ந்து ஒரு முறை நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் குனிந்து தம் வேலையைத் தொடர்ந்தார்.

காலனிக்குத் திரும்பி வந்த பின்னும் அந்தப் பார்வை நம்மை விடவில்லை. நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படிக்கலானோம். நம் மகன் கேட்ட கேள்விக்கு, இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தம் கைகளாலேயே விடை கூறியிருந்தன என்பதை அப்போது அறிந்தோம். அந்த வரலாற்றையே இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்கு அளிக்கின்றோம்.

பழைய முறை

படகு கட்டுதல் என்பது நெடுங்காலமாகத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த தொழில். முதலில் நீண்டதொரு அடிமரத்தைக் கிடத்தி, அதன்மேல் விலா எலும்புகளைப்போல் வளைமரங்களை நிறுத்தவேண்டும். அவற்றை வளைப்பதற்கு மரத்தை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பொருத்தவேண்டும். பின்னர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்து, வளைவுக்கேற்பச் சீவி, ஆணியறைந்து, இடுக்குகளிற் பஞ்சும் கீலும் அடைக்கவேண்டும். ஒரு பலகையின் விளிம்பு நூலளவு பிசகினும் நீர் உள்ளே புகும். ஆதலால், பல ஆண்டுகள் ஆசானிடம் பழகிய கைகளுக்கே அத்தொழில் கைவந்தது.

தாமே படகு கட்டியவர்கள் பழங்காலத்தில் இல்லாமற் போகவில்லை. ஜோஷுவா ஸ்லோகம் என்னும் கப்பல் தலைவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பேர்ஹேவன் என்னும் ஊரின் மேய்ச்சல் நிலத்திற் கிடந்த ‘ஸ்பிரே’ என்னும் பழம் படகைத் தம் கையாலேயே அடியிலிருந்து புதிதாகக் கட்டினார். அதற்கு 13 மாதங்கள் ஆயின. செலவு 553 டாலர் 62 சென்ட். அப்படகில் 1895-ஆம் ஆண்டு தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1898-இல் திரும்பினார். தனியொருவராக உலகை முதன்முதற் கடல்வழியே வலம் வந்தவர் அவரே. ஆனால் அவர் ஆயுள் முழுதும் கப்பலிற் கழித்தவர், மரவேலையும் அறிந்தவர். நம்மைப்போல் காலையிற் கையெழுத்திட்டு மாலையில் வீடு திரும்புகிறவர் அல்லர். அத்தகையோர் கைக்கும் படகு வரவேண்டுமாயின், கட்டும் முறையே மாறவேண்டியிருந்தது.

மூன்று புதுமைகள்

அம்மாற்றத்திற்கு மூன்று பொருள்கள் காரணமாயின.

முதலாவது ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றன் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் வருமாறு அடுக்கி ஒட்டுவதே இதன் இரகசியம். சாதாரணப் பலகை ரேகை வழியே பிளந்துவிடும், இது பிளவாது. அகலமான தாளாகக் கிடைப்பதால், பல பலகைகளைச் சேர்க்கவேண்டிய இடத்தில் ஒன்றே போதும். ஆனால் பழைய பசைகள் நீரில் ஊறிப் பிரிந்துவிடும். 1930-களில் நீருக்கும் ஈரத்திற்கும் தாக்குப்பிடிக்கும் செயற்கைப் பிசின்கள் வந்தபின்னரே ஒட்டுப்பலகை நம்பத்தக்கதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய ‘மஸ்கிட்டோ’ விமானம் பெரும்பாலும் ஒட்டுப்பலகையாலும் மென்மரத்தாலும் ஆனது. 1940 நவம்பரில் முதன்முறை பறந்த அவ்விமானத்தின் பகுதிகளை நாற்காலி மேசை செய்த தச்சர்களும் செய்து கொடுத்தனர். அவ்வகை விமானங்கள் 7,700-க்கும் மேல் கட்டப்பட்டன. போருக்குப் பின் அந்தப் பசை பற்றிய அறிவு பொதுமக்களுக்கும் பயன்படலாயிற்று.

இரண்டாவது கண்ணாடி நார். 1932-இல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்னும் இளைஞர், கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். அழுத்திய காற்று உருகிய கண்ணாடியின்மேற் பாய்ந்தது; கண்ணாடி நூலிழைகளாகப் பறந்தது. இங்ஙனம் தற்செயலாகக் கிடைத்த வழியே பெருமளவில் நார் செய்யும் தொழிலாக வளர்ந்தது. வீட்டு வாசலில் கண்ணாடிக் குவளை விழுந்தால் உடைகிறதே, அதே கண்ணாடி மயிரிழை போன்று நூற்கப்படின் எளிதில் அறாத வலிமை பெறுகிறது. அதனுடன் பாலியஸ்டர் பிசினைச் சேர்த்தால், நார் இழுவிசையைத் தாங்க, பிசின் நாரை நிலைகுலையாமற் பிடித்துக்கொள்கிறது. நம் ஊரில் மண்ணோடு வைக்கோலைக் குழைத்துச் சுவர் எழுப்புவதை அறிந்தவர்க்கு இத்தத்துவம் புதியதன்று. 1942-இலேயே அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ரே கிரீன் என்பவர் இதனாற் சிறு பாய்ப்படகு ஒன்று செய்து காட்டினார்.

மூன்றாவது, கையில் எடுத்துக்கொள்ளும் பொருளன்று. எவரும் புரிந்துகொள்ளத்தக்க எளிய வரைபடமே அது. 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்னும் படகுக் கலைஞரிடம், சிறுவர்கள் குறைந்த செலவிற் செய்துகொள்ளக்கூடிய ஒரு படகு வேண்டும் என்று கேட்டனர். எட்டடிக்கு நாலடி உள்ள ஒட்டுப்பலகை இரண்டு தாள்களிலிருந்து வெட்டி எடுக்கத்தக்க பெட்டி போன்ற படகொன்றை அவர் வரைந்தார். அதுவே இன்று உலகெங்கும் குழந்தைகள் பாய் விரிக்கப் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகு.

சிவப்புப் பாய்ப் படகு

இம்மூன்றும் ஒன்றுகூடிய இடம் இங்கிலாந்து, ஆண்டு 1962.

அந்நாட்டில் அப்போது பாரி பக்னெல் என்பவரை அறியாத வீடில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றி, கதவு சீர்செய்வது எப்படி, அலமாரி மாட்டுவது எப்படி என்று குடும்பத்தலைவர்களுக்குக் கற்பித்தவர் அவர். போர் முடிந்து, பங்கீடும் நீங்கி, சனி ஞாயிறுகளில் ஓய்வு பெற்ற மக்கள், தம் வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் கொண்டிருந்த காலம். மற்றொருவர் ஜாக் ஹோல்ட் (1912–1995). தேம்ஸ் நதிக்கரையில் புட்னி என்னுமிடத்திற் படகுத்தளம் வைத்திருந்தவர். 1947-இல் சிறுவர்க்கான ‘கேடட்’, 1956-இல் ‘என்டர்பிரைஸ்’ முதலிய பல சிறு படகுகளை வகுத்துப் புகழ் பெற்றவர். என்டர்பிரைஸ் வகைப் படகு நம் பம்பாய்க் கடலுக்கும் புதியதன்று; 1982 ஆசிய விளையாட்டுகளின் பாய்ப்படகுப் போட்டிகள் அங்கு நடைபெற்றபோது அதுவும் ஒரு பிரிவாக இருந்தது.

பக்னெல் வகுத்த எளிய வடிவத்தை, பாய் விரித்து நன்கு ஓடத்தக்கதாக ஹோல்ட் திருத்தி அமைத்தார். ‘டெய்லி மிரர்’ என்னும் நாளிதழ் அதனை ஏற்று நாடெங்கும் பரப்ப முன்வந்தது. தொழிலாளர் வீடுகளில் மிகுதியாகப் படிக்கப்பட்ட இதழ் அது. அதன் முகப்பு நிறமான சிவப்பே பாய்க்கும் நிறமாயிற்று. இதழின் பெயரே படகுக்கும் பெயராயிற்று. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் ‘மிரர்’ படகு மக்கள் முன் வைக்கப்பட்டது. வெட்டிய பலகைகள், பாய், கயிறு, பிசின் என எல்லாம் அடங்கிய தொகுப்பின் விலை 63 பவுன் 11 ஷில்லிங். ஏறத்தாழ ஒரு தொழிலாளியின் நான்கு வாரக் கூலி. பெருஞ்செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த பாய்ப்படகு, அன்றுமுதல் தவணை போட்டுச் சேமிக்கும் குடும்பத்திற்கும் எட்டியது.

படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். உடலின் எடை ஏறக்குறைய 45 கிலோ. நம் பார்சல் ஆபீசில் இரண்டு போர்ட்டர்கள் சிரமமின்றித் தூக்கி வைத்துவிடுவர். முகப்பு கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். அழகு குறைவென்று சிலர் எண்ணினும், அதற்குக் காரணம் உண்டு. பலகைகளைக் கூர்முனையில் ஒன்று சேருமாறு வளைப்பதே புதியவர்க்குப் பெருங்கஷ்டம். முனையை வெட்டி ஒரு சிறு பலகையால் அடைத்துவிட்டால் அக்கஷ்டம் இல்லை. குறுகிய நீளத்திற்குள் இடமும் கூடும். பாய்மரத்தையும் ஒரே நீளமான கம்பமாக வைக்காமல், குட்டையான மரம் ஒன்றும் அதன்மேல் ஏற்றும் மற்றொரு கழியுமாக இரண்டாகப் பிரித்தனர். அவிழ்த்துவிட்டால் எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கும். மோட்டார்க் காரின் கூரைமேற் கட்டிக்கொண்டு குடும்பமே ஏரிக்குச் செல்லலாம். துடுப்பாலும் செலுத்தலாம், சிறு எஞ்சினும் பொருத்தலாம், பாயாலும் ஓட்டலாம்.

தைக்கும் விதம்

இனி அதனைக் கட்டிய விதத்தைக் காண்போம். விந்தை இதில்தான் இருக்கிறது. இம்முறையில் ஆணியால் அறைவதில்லை, படகைத் தைக்கின்றனர்! கென் லிட்டில்டைக் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் சிறு தோணிகள் செய்வதற்குக் கையாண்ட முறை இது. மிரர் படகே இதனை உலகறியச் செய்தது.

வெட்டிய பலகைகளின் விளிம்பு நெடுகச் சிறு துளைகள் இடப்படும். படகின் அடிப்பாகமாகும் இரு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவிளிம்பைச் செப்புக் கம்பித் துண்டுகளாற் கோத்து, குறட்டினால் முறுக்குவர். பின்னர் அவற்றைப் புத்தகம் விரிப்பதுபோல் விரிப்பர். அதன்பின் இருபக்கப் பலகைகள், முன்பலகை, பின்பலகை ஆகியவற்றையும் அவ்வாறே தைத்துச் சேர்ப்பர். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பியை முறுக்க முறுக்க வளைந்து எழுந்து, தாமே படகின் வடிவத்தை அடைகின்றன. முன்கூட்டியே நிறுத்திய விலா மரங்களோ அச்சோ தேவையில்லை. தையற்காரர் தட்டையான துணியை வெட்டித் தைத்ததும் அது தோளும் மார்புமாகச் சட்டை வடிவம் கொள்கிறதன்றோ? படகின் வளைவு முழுவதும் வெட்டிய விளிம்பிலேயே அடங்கியிருக்கிறது. கடினமான கணக்கை வகுத்தவரே செய்து முடித்துவிட்டார். கட்டுபவர் பொறுமையாகக் கம்பியை முறுக்கினாற் போதும்.

வடிவம் சரியாக அமைந்ததென்று அளந்து பார்த்த பின், உட்புற மூட்டுகளின்மேல் கண்ணாடி நார் நாடாவை இட்டுப் பிசினால் நனைப்பர். பிசினுடன் கலக்கும் இறுக்கும் மருந்து நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. குறைந்தால் இறுகாது, மிகுந்தால் தூரிகையிலேயே இறுகிவிடும். உள்மூட்டு இறுகியதும் வெளியே நீட்டிய கம்பிகளை வெட்டித் தேய்த்துவிட்டு, வெளிப்புறத்திலும் நாடா இடுவர். இங்ஙனம் இருபுறமும் நாடாவுக்கிடையே பலகையின் விளிம்பு அகப்பட்டுக்கொள்வதால், மூட்டு உறுதி பெறுகிறது. உள்ளே குறுக்குத் தடுப்புகளைப் பொருத்திக் காற்றறைகள் அமைப்பதால், படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் மூழ்காது. இறுதியில் வர்ணமும் வார்னிஷும் பூசுவர்.

இவ்வேலைகள் காருக்கான கொட்டகையிலும், சில வீடுகளில் கூடத்திலும் நடைபெற்றன. தந்தை துளையிட, தாய் கம்பி கோக்க, பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்த்தனர். இவ்வாறு பிறந்த மிரர் படகுகள் மொத்தம் 70,000-க்கும் மேல் என்பர். அவற்றுள் ஒன்றில் ஏ. ஜே. மெக்கின்னன் என்னும் பள்ளியாசிரியர் 1997-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து புறப்பட்டு, ஆறுகள், கால்வாய்கள் வழியாக ஐரோப்பாக் கண்டத்தைக் கடந்து கருங்கடலையே அடைந்துவிட்டார். ஏரியில் உலாவ வகுத்த சிறு படகுக்கு இது பெருஞ்சாதனை.

நம் கரையின் தையல்

இவ்வளவும் படித்தபோது நமக்கு ஒரு நினைவு எழுந்தது. கம்பியின்றி, பிசினின்றி, வெறுங் கயிற்றினாலேயே படகைத் தைத்தவர்கள் நம் சோழமண்டலக் கரையில் வாழ்ந்தார்களே!

சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கரையை அணுக முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்குகளையும் பேரலைகளுக்கிடையே கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றிற்கு விலா மரங்களும் இல்லை, இரும்பாணியும் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். ஆணியறைந்த ஐரோப்பியப் படகு மணலில் மோதினால் பிளந்தது. தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பியது. அலையோடு வாதாடாமல் அதற்கு இணங்கிச் செல்வதே அதன் வலிமை. அதனைத் தைத்த கைகளுக்கு உரியவர் பெயரோ எந்தக் கல்வெட்டிலும் காணோம்.

எனினும், எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று பறைசாற்றுவது நம் நோக்கமன்று. மிரர் படகின் தையல் பிசின் இறுகும்வரை பிடித்துக்கொள்ளும் தற்காலிகக் கட்டு; மசூலாவின் தையலோ படகின் உயிர். ஒன்று இறுகி நிற்பது, மற்றது நெகிழ்ந்து வாழ்வது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்பதற்குச் சான்றில்லை. ஒரே இடர்ப்பாட்டுக்கு இரு கரையினர் தனித்தனியே கண்ட விடைகள் என்பதே பொருந்தும். ‘கட்டுமரம்’ என்னும் நம் சொல் ஆங்கிலத்திற் புகுந்தது மெய்தான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி அச்சொல்லைத் தம் நூலில் எழுதினார். ஆனால் இன்று அச்சொல் குறிக்கும் இரட்டை உடற் படகு நம் கட்டுமரம் அன்று. அது பசிபிக் தீவினரின் மரபைத் தழுவியது. 1950-களின் நடுவில் அத்தகைய படகொன்றைத் தாமே கட்டி அட்லாண்டிக் கடலைக் கடந்த ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கிலேயர், பிற்காலத்தில் வீட்டிற் படகு கட்டுவோர்க்கு வரைபடங்கள் விற்று வாழ்ந்தார். ஒட்டுப்பலகையும் கண்ணாடி நாரும் கொண்ட அப்படகுகள் பலவற்றின் இரு உடல்களையும் அவர் திருகாணியால் இணைக்கவில்லை, கயிற்றாற் கட்டினார். பெயர் மட்டுமன்றி, கட்டும் கொள்கையும் அங்கே ஒன்றாயிற்று.

குறையும் நிறையும்

ஒரு பொருளைப் புகழ்வோர் அதன் குறையையும் சொல்லவேண்டும். பாலியஸ்டர் பிசின் மரத்தை என்றும் இறுகப் பற்றியிருப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, நாடா ஓரங்களில் விலகும், மழைநீர் உட்புகும், வெளியே பளபளப்பாகத் தோன்றும் பலகை உள்ளே மக்கிப்போகும். கடல்நீரைவிட மழைநீரே இதற்குப் பெரும்பகை. பலரும் ஆசையாகக் கட்டிய படகுகள், மூடாமற் கொல்லையிற் கிடந்தே அழிந்தன.

இக்குறையைத் தீர்த்தது எபாக்சி என்னும் மற்றொரு பிசின். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1969-இல் தொழில் தொடங்கிய கூஜன் சகோதரர்கள், மரத்தின் எல்லாப் பக்கங்களையும் எபாக்சியால் பூசி அடைத்து, ஈரம் புகாமற் காக்கும் முறையை வகுத்து, 1979-இல் நூலாகவும் எழுதி வெளியிட்டனர். மரம் மக்கும் பொருள் என்ற பழி அதனாற் பெரிதும் நீங்கிற்று. இன்று தைத்து ஒட்டும் படகுகளை வீட்டிற் கட்டுவோர் பலரும் எபாக்சியையே நாடுகின்றனர்.

மற்றொரு குறை மனிதரைச் சார்ந்தது. முழுவதும் கண்ணாடி நாராலேயே அச்சில் வார்க்கும் தொழிற்சாலைப் படகுகள் பெருகின. மிரர் படகும் பின்னர் அவ்வாறு வார்க்கப்படலாயிற்று. ஆயத்தமாகக் கிடைப்பதைக் கட்டுவானேன் என்று பலர் விட்டுவிட்டனர். நம் தமிழகக் கரையிலும், சிறப்பாக 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின், நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டன. மீனவர்க்கு அவற்றால் விரைவும் வசதியும் கிட்டின என்பதை மறுக்கலாகாது. ஆனால் மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, கட்டும் அறிவு ஒரு தலைமுறையோடு தேய்ந்து வருகிறது என்பதும் உண்மை. ஆயினும் நாம் கண்ட அம்மீனவர் புதிய பொருளையும் தம் கைக்கு அடங்கியதாக்கிக்கொண்டார். பழுது பார்க்கத் தெரிந்தவருக்கே ஒரு பொருள் முழுதும் சொந்தம்.

கோவாவில் கட்டிய கலங்கள்

இனி நம் நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. கோவாவில் திவார் என்னும் தீவில் சிறு படகுத்தளம் வைத்திருந்த ரத்னாகர் தாண்டேகர் என்பவர், இந்தியக் கடற்படைக்காக ‘மாதேயி’ என்னும் 56 அடிப் பாய்க்கலத்தைக் கட்டினார். மெல்லிய மரச் சட்டங்களை உள்ளீடாக வைத்து, இருபுறமும் கண்ணாடி நாரும் எபாக்சியும் போர்த்த உடல் அது. 2009-இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது வீட்டிற் கட்டியதன்று. ஆனால் பேராலையிற் கட்டியதுமன்று. அதனைச் செலுத்தவிருந்த திலீப் தோண்டே என்னும் அதிகாரி, கட்டும் பணியிலும் உடனிருந்து உழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயிலிருந்து புறப்பட்டு, தனியாக உலகை வலம் வந்து, 2010 மே மாதம் திரும்பினார். இந்தியர் ஒருவர் இதனைச் செய்தது அதுவே முதன்முறை. பின்னர் 2012–13-இல் அபிலாஷ் டோமி அதே கலத்தில் எங்கும் நில்லாமலே சுற்றி வந்தார்.

இதில் நம்மைச் சிந்திக்கவைப்பது பின்னர் நிகழ்ந்தது. மரத்தையும் கண்ணாடி நாரையும் கையாண்ட அதே தாண்டேகர், அஜந்தா ஓவியத்திற் காணப்படும் கப்பலைப் பின்பற்றி, ஆணியின்றிக் கயிற்றாலேயே தைத்த கப்பல் ஒன்றைக் கட்டும் பொறுப்பையும் ஏற்றார். தைக்கும் பணியைக் கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் தலைமையிலான கைவினைஞர்கள் செய்தனர். ‘கௌண்டின்யா’ என்று பெயரிட்டு, 2025 மே 21 அன்று கார்வார் தளத்தில் கடற்படை அதனைச் சேர்த்துக்கொண்டது. எபாக்சி அறிந்தவரும் தேங்காய் நார்க் கயிறு அறிந்தவரும் ஒரே தளத்தில் நின்றனர். எழுதி வைக்காத அக்கலை, சில கைகள் விடாமற் பழகிவந்தமையாலேயே மிஞ்சியது. அக்கைகள் ஓய்ந்திருப்பின், எத்தனை பணம் கொடுத்தும் மீட்டிருக்க இயலாது.

நம் காலனிக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்றது ஒன்று. மிரர் படகைக் கட்டிய பல்லாயிரவரில் பெரும்பாலோர் தச்சர் அல்லர். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள். கையால் ஒன்றைச் செய்வது தம் தகுதிக்குக் குறைவென்று அவர்கள் கருதவில்லை. அலுவலகம் விட்டு வந்து ரம்பத்தை எடுத்ததனால் எவர் மதிப்பும் குறைந்துவிடவில்லை. நம் வீடுகளிலோ, பிள்ளை உளியைத் தொட்டால் படிப்புக் கெட்டதென்று பதறுகிறோம். பல்பு மாற்றவும் ஆள் தேடுகிறோம். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்கு ஆணியை நேராக அடிக்கத் தெரியாமற் போவதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். நம் கரையில் மசூலாப் படகைத் தைத்தவரை நாம் பெயரின்றி மறந்தது இந்த மனப்பான்மையால்தான் போலும்.

பிறர்க்கு உபதேசம் செய்யுமுன் நம்மைத் திருத்திக்கொள்ள எண்ணினோம். தீபாவளி விடுமுறையில் நாமும் மகனும் சேர்ந்து, மெல்லிய ஒட்டுப்பலகையில் மூன்றடி நீளமுள்ள மாதிரிப் படகு ஒன்றை வெட்டினோம். பழைய மின்விசிறி மோட்டாரிலிருந்து எடுத்த செப்புக் கம்பியால் தைத்தோம். இறுக்கும் மருந்தை நாம் அவசரப்பட்டு அதிகமாக ஊற்றிவிட, கிண்ணத்திலேயே பிசின் புகைந்து இறுகிவிட்டது. இரண்டாம் முறை மகனே அளந்து கலந்தான். காலனிக் குளத்தில் விட்டபோது பின்பலகை மூட்டில் நீர் கசிந்தது. நமக்கு ஏமாற்றம், அவனுக்கோ இல்லை. வீட்டிற்கு எடுத்து வந்து, உலரவைத்து, தேய்த்து, மறுபடி நாடா ஒட்டினான். அடுத்த ஞாயிறன்று அது மிதந்தது. அவன் அன்னையின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியே பாய். கரையில் கூடியிருந்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல் இருப்பர். அவனைவிட இரண்டு வயது மூத்த பையன் ஒருவன், "இதை எங்களுக்கும் சொல்லித் தருவாயா?" என்று கேட்டது நம் காதில் விழுந்தது.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கும் அன்பர்களுக்கும் நம் பணிவான வேண்டுகோள் இது. நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் பழைய நாற்காலிகள் அடுக்கியுள்ள மூலையைச் சிறிது ஒழித்து, ஒரு மேசையும், ரம்பம், இழைப்புளி, குறடு, துளைக்கருவி ஆகிய சில கருவிகளும் வைக்கலாம். பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர்களும் பிட்டர்களும் நம் காலனியிலேயே உள்ளனர். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்குக் கற்பிக்க அவர்கள் மகிழ்ச்சியோடு இசைவர் என்று நம்புகிறோம். பெண் குழந்தைகளும் வரவேண்டும். தைப்பதில் தொடங்கும் கலைக்கு அவர்களை விலக்குவானேன்? படகுதான் செய்யவேண்டும் என்பதில்லை. ஒரு முக்காலியாயினும், தம் கையாற் செய்ததாயின் போதும். முதற் செலவிற்கு நம்மாலியன்ற தொகையைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அம்மாதிரிப் படகையும் உடன் எடுத்துச் செல்ல மகன் பிடிவாதம் பிடிக்கிறான். நாமும் இசைந்துவிட்டோம். கடற்கரையில் அம்மீனவரைக் கண்டு, அதை அவரிடம் காட்டி, மூட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கேட்கவேண்டும். அன்று அவர் எதிரில் நாம் கூறிய சொல்லுக்கு வருத்தமும் தெரிவிக்கவேண்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் குழந்தைகளின் கைத்திறன்!